அமுதா அக்கா பிடுங்கிய பிளக்

செவ்வாய், இரவு

இடது கையில் தையல் போட்டிருக்கிறது. வலது கை தப்பியதால் எழுத முடிகிறது.

சாயங்காலம் கம்பெனி பஸ்கள் வந்து நின்றதும் ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் பேக்கரிக்குள் ஒரே கூட்டம். ரொட்டி வெட்டும் மெஷினில் ஒரு துண்டு சிக்கிக்கொண்டது. நிறுத்திவிட்டு எடுத்திருக்கலாம். கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில், ஓடும்போதே விரலை விட்டுவிட்டேன்.

பில் போட்டுக்கொண்டிருந்த அமுதா அக்காதான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். கடைக்கு வருவதற்கு முன் கார் பார்ட்ஸ் கம்பெனியில் இருந்தவர். என் விரலைத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டம் நிக்குதும்மா, மெஷினை ஆன் பண்ணு!" என்று மேனேஜர் கத்தினார்.

"கம்பெனில கையில அடிபட்டா லைனையே நிறுத்துவாங்க சார். இங்க ரொட்டி நின்னா இன்னா?" என்றார் அக்கா. பிளக்கை விடவே இல்லை.

வரிசையில் யூனிஃபார்மோடு நின்ற ஒருவர், "நாங்க வெயிட் பண்றோம்க்கா, நீங்க அந்தப் பொண்ணைப் பாருங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

காலையில் அக்காவைத் தனியாக வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். பிளக்கைப் பிடுங்கியதற்காகத்தான் இருக்கும்.

நானும் கூடப் போவேன். பேச வாய் வராவிட்டால், இந்தக் கட்டுப்போட்ட கையை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நிற்பேன்.