பரண்மேல் இருக்கும் செருப்பு

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். குட்டியின் தட்டில் சோறும் பொரியலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போடுங்கள், இல்லாவிட்டால் தொடமாட்டான். அவன் தெருவுக்கு ஓடிவிடாமல் வாசலைப் பூட்டியிருக்கிறேன். இன்னொரு சாவி உங்கள் சட்டைப் பையில்.

பத்து மணிக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை ஆபீஸிலிருந்து அந்த அம்மா அவனைப் பார்க்க வருகிறார். லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். நீங்கள்தான் பேச வேண்டும். தயவுசெய்து போன தடவை மாதிரி பேசி வைக்காதீர்கள். "எங்க பையன் கெட்டிக்காரன், எல்லாம் தானே செஞ்சுக்குவான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்கள். பஸ் நம்பரையெல்லாம் ஒப்பிக்க வைத்தீர்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, உதவி தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போனார். உங்கள் பெருமைக்கு நான் ஒரு வருஷம் அலைந்தேன்.

வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டாம். அவன் தலையை மோதிக்கொள்ளும் சுவரில் சாய்த்திருக்கும் மெத்தை அங்கேயே இருக்கட்டும். காதைப் பொத்திக்கொண்டு அலறினால், "தூக்கக் கலக்கம்" என்று மழுப்பாதீர்கள். பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால்தான் நம்புவார்கள் என்றால், சொல்லித் தொலையுங்கள். நானும் சொல்லிப் பழகிவிட்டேன்.

இன்னொன்று. நேற்றுச் சாயங்காலம் அவன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டான். கால் மாறாமல், முதல் தடவையாக. 'இன்னிக்குத்தானா இதைக் கத்துக்கணும்' என்றுதான் எனக்குத் தோன்றியது. பரண்மேல் ஒளித்துவிட்டேன். அந்த அம்மா தெருமுனை தாண்டியதும் எடுத்துக் கொடுங்கள். விடிந்ததிலிருந்து வெறுங்காலோடு வீடு முழுக்கத் தேடினான். எங்கே வைத்தாய் என்று என்னைக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை.