பலகாரம் சுட்ட மத்தியானம்

கனடாவிலை கலியாணம் முடிக்கப்போகக் கொழும்பிலை நிக்கிற என்ரை குஞ்சுக்கு,

உன்ரை கலியாணப் பலகாரம் சுட்ட அண்டைக்கு நான், கொப்பர் செல்வநாயகம், உன்னைப் பெத்த கொம்மா கமலாசனி, பக்கத்துவீட்டு மலர் எல்லாரும் இருந்தனாங்கள். எண்ணெய் கொதிக்கேக்கை வாசல் படலையடியிலை சைக்கிள் மணி கேட்டது.

"படலையைத் திறவணை அம்மா."

சண்டைக்குள்ளை கிளிநொச்சியாலை ஓடேக்கை காணாமற்போன உன்ரை மாமான்ரை குரல். எல்லாருக்கும் கேட்டது. நாய் வாலாட்டினது.

நான் எழும்ப, கொம்மா கையைப் பிடிச்சு இருத்திப்போட்டா. "எண்ணெய் மணத்துக்குச் செத்ததுகள் வரும். திறந்தால் பிள்ளையின்ரை கலியாணம் குழம்பும்" எண்டு படலையிலை இரும்புக் கத்தியைக் கொழுவினா. பிறகு மணி கேக்கேல்லை.

பின்னேரம் போய்ப் பாத்தன். சைக்கிள் தடம் படலைமட்டும் வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

நீ நல்லாயிரு மோனை. உன்னை வழியனுப்ப நான் வரேல்லை, இந்தப் படலையை விட்டு அசையமாட்டன். உயிரோடை வந்தானோ செத்து வந்தானோ, அவன் என்ரை பிள்ளை. அவனை உள்ளை விடாத கமலாசனியை, நான் பெத்தவள் எண்டாலும், மன்னிக்கமாட்டன்.

அம்மம்மா