யார் கைக்கு?

கடவுள் துணை

கடல் தாண்டி ஓட்டல் அடுப்படியில் நிற்கும் என் அன்பிற்குரியவருக்கு, வணக்கத்துடன் எழுதுவது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாத்திரக்கடையில் இருந்தவர்கள்: நான், உங்கள் தங்கை, கடைக்காரர், கல்லாவில் அவர் மனைவி. ஆக நான்கு பேர். என் பைக்குள் அரை முட்டைக்கோஸும் ஒரு துண்டு இஞ்சியும் இருந்தன. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். “நான் வர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்” என்று நீங்கள் விட்டுப்போன அகலப் பட்டைச் சீனக் கத்தி உடைந்துவிட்டது. உடைத்தது நான்தான். மெல்லிசுக் கத்தி, காய்க்கும் எலும்பில்லாத கறிக்கும் மட்டும்தான் என்று நூறு தடவை சொல்லியிருந்தீர்கள். மூன்று வருடமாக வாரம் ஒருமுறை எண்ணெய் தடவித் துடைத்தேனே தவிர, அதில் ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை. போன செவ்வாய்க்கிழமை அதை எடுத்து ஆட்டுக்கால் எலும்பில் போட்டேன். ஒரே போடு. வெட்டு விளிம்பு ஒரு நகம் அளவுக்குப் பெயர்ந்து, மேலே விரிசலும் ஓடிவிட்டது. இன்னும் இரண்டு வருடத்துக்கு முதலாளி கையெழுத்துக் கேட்கிறார் என்று நீங்கள் எழுதிய கடிதமும் அன்றுதான் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கடைக்காரர் அந்த உடைந்த கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதத் தீட்ட முடியாதும்மா. எந்தப் புண்ணியவான் இதால எலும்பு வெட்டுனது?” என்று கேட்டார். உங்கள் தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

மூன்று கத்திகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் தராசில் வைக்கச் சொல்லி என் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டேன். முதலாவது முன்னூற்று இருபது கிராம், உங்களுடையது போலவே மெல்லிசு. இரண்டாவது நானூற்று எழுபது. முன்பக்கம் நறுக்கலாம், பிடிப்பக்கம் தடிப்பு, கோழி எலும்பு தாங்குமாம். மூன்றாவது எண்ணூறு, எலும்புக்கு மட்டுமே. அதை நான் தூக்கியதும், “வச்சிடுங்க அண்ணி, பக்கத்து வீட்டுக்காரங்க போலீசக் கூப்பிட்டுடுவாங்க” என்றாள் உங்கள் தங்கை. வைத்துவிட்டேன்.

பிறகு பையிலிருந்து முட்டைக்கோஸை எடுத்தேன். “கத்தி வாங்கக் காயோட வந்த மொத ஆளு நீங்கதான்க்கா” என்று கடைக்காரர் மனைவி சிரித்தார். சிரிக்கட்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கத்தியின் பட்டையைக் கவ்விப் பிடிக்க வேண்டும், மற்ற மூன்று விரல்தான் பிடிக்கு என்று நீங்கள் காட்டிக்கொடுத்தபடியே பிடித்தேன். மெல்லிசு என் சொல்பேச்சுக் கேட்டது. நடுத்தரத்தில் கால் முட்டைக்கோஸ் முடிவதற்குள் மணிக்கட்டு வலித்தது. ஆனால் இஞ்சியைப் பட்டையால் ஒரு தட்டுத் தட்டியதும் நசுங்கிய விதம் இருக்கிறதே, நீங்கள் தட்டுவது போலவே சத்தம் கேட்டது. இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன்.

“ரெண்டும் நல்ல சாமான்தான். கையப் பொறுத்தது. யார் கைக்கு?” என்றார் கடைக்காரர்.

நான் நறுக்கிய துண்டுகளை வாரிப் பைக்குள் போட ஆரம்பித்தேன். கடைக்காரர் மனைவி என்ன நினைத்தாரோ, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கத்தி வாங்காமல் நறுக்கிய முட்டைக்கோஸோடு வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுச் செய்தி ஒன்று. அடுப்பு மேடையில் குனிந்து குனிந்து முதுகு ஒடிகிறது என்பீர்களே, போன வருடமே கொத்தனாரை வைத்து அதை நான்கு விரல் உயர்த்திவிட்டேன். வந்து பார்க்கும்போது தெரியட்டும் என்று எழுதவில்லை. நான் பலகை போட்டு ஏறி நின்று சமைக்கிறேன். பழகிவிட்டது.

கையெழுத்தைப் பற்றி என் விருப்பத்தைக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு எது நல்லதோ அதைக் காட்டு சாமி என்று வேண்டத்தான் உட்கார்ந்தேன். பாதியில் வேண்டுதல் வேறு பக்கம் போய்விட்டது. அவர் மன்னிப்பார்.

நெருப்பிலிருந்தும் கத்தியிலிருந்தும் உங்கள் கைகளைக் கடவுள் காக்கட்டும்.

மாதக் கடைசி வரை இரண்டு கத்தியையும் எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். என் கைக்கென்றால் மெல்லிசு. உங்கள் கைக்கென்றால் கோழி எலும்பும் தாங்குகிற நடுத்தரம். எது வாங்கட்டும்? ஒரு வரி போதும், சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி