தபசுகாலத்தில் நீங்கள் ஒறுத்த மருந்து

மச்சாள்,

விபூதிப் புதனுக்காகக் கோயிலில் பழைய குருத்தோலைகளை எரிக்கிறார்கள். புகை மணம் எங்கள் அரிப்பு ஊரின் கடற்கரை வரை வந்துவிட்டது. வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுபோனது. தபசுகாலம் வந்தாலே எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. செத்துப்போனவரோடு கோபிப்பது சரியில்லைதான். என்ன செய்ய, வருகிறது.

போர் முடிந்து மீளக் குடியேறி, தகரக் கொட்டிலில் நாம் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்த காலம் அது. காணாமல்போன உங்கள் கணவரை, என் அண்ணனைத் தேடி நீங்கள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அந்த அலைச்சலில் மார்பில் இருந்த கட்டியைக் கவனிக்காமல் விட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் எலும்பு வரை போயிருந்தது. நோவுக்கு மோர்பின் குளிசை தந்தார்கள்.

"இது அபின் சாமான் எல்லோ?" என்று பயந்தீர்கள்.

அந்த இளம் டொக்டர் சிரித்தார். "எங்கட உடம்பே இது மாதிரி ஒண்டைச் சுரக்குது அம்மா. அதில ஒரு வகை, புற்றுநோய்க் கலங்கள், அதான் செல்லுகள், பெருகிற வேகத்தைக் குறைக்குதெண்டும் ஆய்வுகூடத்தில கண்டிருக்கினம். ஆனா அது கண்ணாடித் தட்டில வளர்க்கிற கலங்கள். ஆளுக்குள்ள எப்பிடியெண்டு இன்னும் வடிவாத் தெரியாது."

பஸ்ஸில் வரும்போதே நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள். "கேட்டியே? நோவு கூடினா உள்மருந்தும் கூட ஊறும்தானே? கட்டி அடங்கும். குளிசையைப் போட்டா உடம்பு சோம்பிப்போயிடும்."

"டொக்டர் 'ஆனா' எண்டும் சொன்னவர், மச்சாள்."

"படிச்ச ஆக்கள் 'ஆனா' போடாமல் கதைப்பினமே?"

அந்தக் கிழமையே தபசுகாலம் தொடங்கியது. ஊரே எதையாவது ஒறுத்தது. நான் மீனை விட்டேன். நீங்கள் குளிசையை விட்டீர்கள். "நோவை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறன். உன்ர அண்ணன் வரேக்க வீட்டில நான் உயிரோட இருக்கவேணும்."

குளிசையைப் போடுங்கோ, இந்த நோய் இனி மாறிச் சுகமாகாது என்றால், அண்ணன் வரும்போது நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று சொன்னதாகிவிடும். அவருடைய தங்கச்சி நான், என் வாயால் எப்படிச் சொல்வேன்? சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். சிலுவைப்பாதையில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நீங்கள் முழந்தாளிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் விஷயம் தெரிந்ததும் டொக்டர் பதறிப்போனார். "நோவைத் தாங்கினாக் கட்டி சுருங்குமெண்டு நான் சொல்லேல்லையே அம்மா! அது உங்கட நித்திரையையும் சாப்பாட்டையும்தான் தின்னுது." நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனாலும் ஒறுத்தலை இடையில் முறிக்க மனம் வரவில்லை.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்துதான் குளிசையைப் போட்டீர்கள். மத்தியானம் நன்றாகத் தூங்கினீர்கள். எழும்பி மீன் சொதியோடு இரண்டாம் தரமும் சோறு கேட்டீர்கள். பெண் பார்க்க வந்த அன்று அண்ணன் யாருடையதோ இரவல் சப்பாத்தைப் போட்டு நொண்டிய கதையைச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு சோற்றுத் தட்டை ஓரமாக நகர்த்தினீர்கள்.

"இவ்வளவு நாளும் இப்பிடி இருந்திருக்கலாமேயடி."

அந்தச் சொல்லை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை, மச்சாள். அதன்பின் சில கிழமைகள்தான் இருந்தீர்கள். போகுமுன் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: "அவர் வந்தா, நான் நோவில்லாமல் போனனான் எண்டு சொல்லு."

சொல்லுவேன். உங்கள் சிரிப்பையும் இரண்டாம் தரம் கேட்ட சோற்றையும் சொல்லுவேன். அந்தத் தபசுகாலத்தை மட்டும் அண்ணனுக்குச் சொல்லமாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.