கழுவியாச்சே

தம்பி வீட்டில் விருந்தாடும் என் வீட்டுக்காரருக்கு,

பிங்துங்கிலிருந்து உங்கள் தம்பி மனைவி மெய்-யுன் போன் செய்தாள். "அக்கா, அவருக்குக் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு, மூச்சு வாங்குது. ஆனா மீன் சூப்புல ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. டயாலிசிஸுக்குப் போங்கன்னா, 'அதான் தைனான் ஆஸ்பத்திரியிலயே சிறுநீரகத்தைக் கழுவியாச்சே, இன்னும் எதுக்கு?'ங்கறாரு."

அந்தச் சிகிச்சைக்கு நம் தைவானில் 'சிறுநீரகம் கழுவுதல்' என்று பேர் வைத்தவனை உதைக்க வேண்டும். டாக்டர் படமே வரைந்து காட்டினார்: உங்கள் சிறுநீரகம் இனித் தேறாது, இயந்திரம் கழுவுவது ரத்தத்தை, கழிவும் நீரும் மறுபடி மறுபடி சேரும். நன்றாகத் தலையாட்டினீர்கள். வரும் வழியிலேயே வானொலியில் கூவி விற்கிறானே, அந்த முழங்கால் வலி மாத்திரையை மறுபடி வாங்கினீர்கள். ரத்தக்கொதிப்போடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்ததே அந்த மாத்திரைதான்!

நீங்கள் சாப்பிட்ட கிண்ணத்தை, நேற்றே கழுவியாச்சே என்று ஒருநாளாவது நான் விட்டிருக்கிறேனா?

போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பேசாமல், இதைக் கொண்டுவரும் நம் மகனோடு காரில் ஏறுங்கள். நேராக ஆஸ்பத்திரிக்கு.

நீங்கள் போனதிலிருந்து உங்கள் கிண்ணம் அலமாரியில் சுத்தமாகவே இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
கழுவிக் கழுவிச் சலித்தும் நிறுத்தாதவள்