போயிட்டு வரேன்

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்குச் சளி மட்டும்தான், பயப்படாதே.

நடைக் கழகத்தில் சேர்ந்ததாக எழுதியிருந்தேனே, அந்தக் கூத்து முடிந்துவிட்டது. போன ஞாயிறு மரமே இல்லாத மலைவெளிக்குக் கூட்டிப்போனார்கள். வெயில், தூறல், மூடுபனி என்று வானம் முகத்தை மாற்றிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் பூட்ஸுக்குள் சேற்றுத் தண்ணீர் ஏறியதும் இறங்கிவிட முடிவு செய்தேன். கழகத் தலைவரான பல் டாக்டரிடம், நம் வழக்கத்தை அவர் மொழியில் சொல்லுக்குச் சொல் மாற்றி, "போயிட்டு வரேன்" என்றேன். பாறை மறைவில் ஒதுங்கப் போகிறேன் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறார். நான் வேன் நின்ற அடிவாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, மேலே எல்லோரும் மழையில் காத்திருந்து, பிறகு பனிக்குள் என்னைத் தேடியிருக்கிறார்கள்.

நனைந்து இறங்கி வந்ததும் டாக்டர் கேட்டார்: "வரேன்னு சொன்னீங்களே?"

"எங்க ஊர்ல கிளம்பும்போது அப்படித்தான் சொல்லுவோம்."

"வரப் போறதில்லைன்னா?"

"அப்பவும் அதையேதான் சொல்லுவோம்."

"பொய்யை எவ்வளவு மரியாதையா சொல்றாங்க பாருங்க" என்றாள் என்னைக் கழகத்தில் சேர்த்துவிட்ட அலுவலகத் தோழி. வேனில் என் பக்கத்து இருக்கையில் ஈரப் பைகளை அடுக்கினார்கள். இனி வர வேண்டாம் என்று நேற்றுச் சொல்லியனுப்பினார்கள். நல்லதுதான், பேசத் தெரிந்த ஆட்களும் இல்லை.

யாராவது வந்தால் என் பழுப்பு ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பு. ஞாயிறுகளில் போனை உடனே வைத்துவிடாதே.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது வாசலில் உன்னிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் வந்தேன், வருஷங்கள் ஆகின்றன. அவர்களைப் போல நீயும் ஒரு தடவை திட்டியிருக்கலாம்.

தபால் எடுக்கும் நேரம். நிறுத்துகிறேன்.

உன் மகள்