மவுத்தான கம்பனியின் வாரிசு

அனுப்புநர்:
மு. ஸக்கரியா,
பள்ளிவாசல் மோதினார்,
உக்குவளை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மாத்தளை.

விடயம்: மூடப்பட்ட மிளகெண்ணெய்த் தொழிற்சாலையின் காணி விற்கப்படுமுன், அங்கு புதைத்த கழிவுப் பீப்பாய்களைத் தாய்க் கம்பனியைக் கொண்டே அகற்றுவித்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் மேட்டில் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று மிளகிலிருந்து எண்ணெய் எடுத்து வந்தது. திறப்பு விழாவில் நானும் வாய் பிளந்து நின்றவன்தான். ஒரு மூடை மிளகைச் சின்னப் போத்தலுக்குள் அடக்கிய அந்த இயந்திரம் இன்றும் எனக்கு வியப்பே. கழிவைப் பீப்பாய்களில் அடைத்து வளவிலேயே புதைத்தார்கள்.

2. சென்ற மழைக்குப் பின் அயலவர் செல்லையா அண்ணன் வந்து, கிணற்றில் இறைச்சிச் சட்டி கழுவினதுபோல எண்ணெய் மிதக்கிறது என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் பள்ளித் தொட்டியிலும் அதே எண்ணெய். கர்ப்பிணியான என் மகள் நிஹ்லா அதுவரை குடித்ததும் இந்தத் தண்ணீரே. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

3. முறையிடப் போனால், கம்பனி சட்டப்படி கலைக்கப்பட்டுவிட்டது என்றார் மூடிய தொழிற்சாலையின் காவலாளி றுஸ்தி. மலைத்துப் போனேன். உடம்பே இல்லாத ஓர் ஆள் பிறந்து, காணி வாங்கி, நஞ்சைப் புதைத்து, கபுறுக்குழியும் இல்லாமல் மவுத்தாகலாமாம்.

4. எங்கள் ஊரில் யார் மவுத்தானாலும், ஜனாஸாவைத் தூக்குமுன், மர்ஹூம் தீர்க்க வேண்டிய கடன் ஏதும் இருந்தால் வாரிசுகளிடம் பேசிக்கொள்ளும்படி பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்பவன் நான். அந்தப் பழக்கத்தில், வாரிசு யாரென்று கேட்டுக் கடல் கடந்த தலைமையகத்துக்கும் எழுதிவிட்டேன். தாங்கள் தாய்க் கம்பனி மட்டுமே, பொறுப்பில்லை என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. தாய் என்கிறார்கள், பிறகு மட்டுமே என்கிறார்கள். அந்த இரண்டு சொற்களையும் எப்படிச் சேர்த்தார்களோ!

5. சட்டம் படிக்கும் என் தங்கை மகள் இன்னொன்றும் சொன்னாள். வேறொரு நாட்டில் ஆறு கெட்டுப்போன கிராமத்தார், தாய்க் கம்பனியை அதன் சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே நிறுத்தினார்களாம். நீதிபதிகளும் வழக்கைக் கேட்கலாம் என்றார்களாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவ்வளவு பெரிய ஆளையும் எங்களைப் போன்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று இந்த வயதில்தான் அறிகிறேன்.

6. அடுத்த மாதம் காணி கைமாறப் போகிறது. அதன்பின் அந்தப் பீப்பாய்களுக்கு ஆளே இருக்காது. ஆகவே விற்பனையை நிறுத்திவைத்து, தாய்க் கம்பனியைப் பொறுப்பாக்கி வழக்குத் தொடரும்படி சட்டமா அதிபர் வரை இதைக் கொண்டுசெல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நிஹ்லாவின் பிள்ளை பிறக்குமுன் கிணறு தெளிய வேண்டும்.

அறிவித்தலை நான் செய்துவிட்டேன், ஐயா. எங்கள் ஒலிபெருக்கி சந்தி வரைக்கும்தான் கேட்கும். தங்கள் குரல் கடல் கடக்கும்.

இடம்: உக்குவளை
திகதி: 12.10.2024

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) மு. ஸக்கரியா